பத்து வட்டி

ஐயா,

அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அப்பா பட்டுத் தறி நெய்கிறார். ஆண்டுக்கு ஒரு லட்சமாக 4 லட்சம் கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் முடித்துவிட்டேன். ஓசூரில் வேலை, கைக்கு 22,000 வருகிறது. தவணை தொடங்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவரை மாதம் 10,000 ரூபாயைப் பரஸ்பர நிதியில் போடலாமா, கடனில் கட்டலாமா? கட்டிய பிறகு அரசு தள்ளுபடி அறிவித்தால் நான் ஏமாந்தவள் ஆகிவிட மாட்டேனா? வரிச் சலுகை உண்டாமே?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

வரிச் சலுகையை விடுங்கள். உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது.

தள்ளுபடியை அப்படி விட முடியவில்லை. தேர்தல் வந்தால் அந்தப் பேச்சும் வரும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மூன்று மாதம் தவறினால் வங்கி வாராக் கடன் என்று எழுதிவிடும். உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் யார்? உங்கள் அப்பா. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிவு வைக்கும் சிபிலில் அவர் பெயரும் கெடும். நாளைக்கு ஒரு தறிக் கடன் கேட்டு அவர் வங்கி வாசலில் நின்றால் என்ன பதில் கிடைக்கும்? படித்த பிள்ளை போடுகிற கணக்கா இது?

என்னை உறுத்திய வரி வேறு. 'தவணை தொடங்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.' இதே நிம்மதியில் நானும் இருந்திருக்கிறேன்.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. 2003இல் என் கடனுக்காக வங்கிக்குப் போனோம். மேலாளர் "பத்து வட்டி" என்றதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கள் தெருவில் பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். பத்து என்பது வருடத்துக்கு என்று மேலாளர் விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார். விரல்களை மடக்கிப் பார்த்தார். "நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லையே. மாதாமாதம் கட்டிவிடலாமே" என்றார். "சும்மா இருங்கள் அப்பா, படித்து முடித்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும்" என்று நான் அவரை அடக்கினேன். கல்லூரிக்குப் போகப்போகிறவன் அல்லவா!

பட்டறையில் பொழுது சாய்ந்ததும் தரையைக் கூட்டிக் குப்பையைத் தகர டப்பாவில் போட்டு வைப்பார்கள். அராவும்போது உதிர்ந்த வெள்ளித் துகள் அதில் கிடக்கும். சேர்த்து வைத்து உருக்கினால் கொஞ்சம் வெள்ளி தேறும். கை கழுவிய தண்ணீரைக்கூட அப்பா சாக்கடையில் ஊற்றியதில்லை. அவருக்கு வட்டியைக் கட்டாமல் விடுவது கூட்டாமல் விட்ட தரை.

முதல் வருடம் 40,000 எடுத்தோம். மாத வட்டி 333 ரூபாய். அவரால் கட்ட முடிந்த தொகை. நான் விடவில்லை. நான்கு வருடத்தில் கடன் 1,60,000 ஆனது. தவணை தொடங்கியபோது வங்கித் தாளில் 2,16,000 சொச்சம் இருந்தது. தப்பாக அச்சிட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். குமாஸ்தா பொறுமையாக ஒவ்வொரு வருட வட்டியாகக் கூட்டிக் காட்டினார். (அந்தக் கடனில் ஒரு கம்ப்யூட்டரும் அடக்கம். மூன்றாம் வருடமே அது செத்துவிட்டது. செத்ததற்குத் தவணை மட்டும் பல வருடம் கட்டினேன்.)

உங்கள் கணக்கைப் பார்ப்போம். பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் படித்த நான்கு வருடத்துக்கு 1 லட்சம், அதற்குப் பிந்தைய அவகாச வருடத்துக்கு 40,000. அவகாசம் என்பது தவணைக்குத்தான். வட்டிக்கு ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. அந்த 1,40,000 முதலோடு சேர்ந்து, பிறகு அதற்கும் வட்டி ஓடும். 5,40,000 ரூபாய்க்குப் பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 7,100. வட்டியை முன்பே தீர்த்து 4 லட்சத்துக்கு மட்டும் என்றால் 5,300. தவணை சிறியதாகத் தெரிகிறதே என்று பதினைந்து வருடத்துக்கு இழுத்துவிடாதீர்கள். 5,40,000 ரூபாய்க்கு அது மொத்தத்தில் கிட்டத்தட்ட 1,90,000 கூடுதல்.

ஒன்று விட்டுப்போயிற்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு படித்த காலத்துக்கும் அவகாச வருடத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசே மானியமாக ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. உங்கள் வருமானச் சான்றை வங்கி வாங்கியதா, மானியம் வந்து சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குக் கோபம் வரும்.

பரஸ்பர நிதியா கடனா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? ஏழு மாதத்தில் நிதி ஏறுமா இறங்குமா என்று எனக்கு ஜோசியம் தெரியாது. மானியம் வரவில்லை என்றால், உங்கள் 70,000 ரூபாய் அந்த 1,40,000 வட்டியில் பாதியை இப்போதே தீர்த்துவிடும். முன்கூட்டிக் கட்டினால் அபராதமும் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வங்கிக்குப் போய், இன்றைய தேதிவரை வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள். பத்து என்பது வருடத்துக்கு என்று வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.