அரசு புதிய விதி போட்டால் நமக்கு எப்படித் தெரியும்? "தெரியாது" என்று சொன்னால் ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

அரசு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லாது. அரசிதழில், அதாவது கெஜட்டில், வெளியிட்டுவிட்டால் நாட்டுக்கே சொன்னதாகக் கணக்கு. அதற்கப்புறம் "எனக்குத் தெரியாதே" என்பது பெரும்பாலும் எடுபடாது. இது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால், உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு நீதிபதி கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் நின்றார்.

நான் சென்னையில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில், அதாவது சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். புது நோட்டிபிகேஷன் வந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1962 நவம்பரில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் ஜூரிக்கிலிருந்து மணிலாவுக்கு விமானம் ஏறினார். போட்டிருந்த ஜாக்கெட்டுக்குள் 34 கிலோ தங்கம். வழியில் 28ஆம் தேதி காலை விமானம் பம்பாயில் நின்றது. அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, இறங்கும் எண்ணமும் இல்லை. அதுவரை, இந்தியா வழியாக வேறு நாட்டுக்குப் போகும் தங்கத்துக்கு விலக்கு இருந்தது. அப்படிப் போகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நவம்பர் 8ஆம் தேதி ஓர் அறிவிக்கை தயாரித்தது. அது கெஜட்டில் வெளியானது 24ஆம் தேதி. நான்கே நாள் இடைவெளி. ஜூரிக்கில் இருந்த மனிதர் இந்திய கெஜட்டை எங்கே போய்ப் படிப்பார்?

தங்கத்தோடு பிடிபட்ட அவரைக் கீழ் நீதிமன்றம் தண்டித்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 1964ல் அதைத் திருப்பிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ராஜகோபால ஐயங்கார். இந்தியாவில் வழக்கமான முறையில் வெளியிட்டாகிவிட்டது, அதுவே போதும், வெளிநாட்டுக்காரர் படித்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் உடன்படவில்லை. ஆனாலும் ஜார்ஜ் ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கணக்கில் எடுத்து முடித்துவிட்டார்கள். சட்டம் தன் பிடியை விடவில்லை, கொஞ்சம் கூச்சமும் பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளியிடவே இல்லையென்றால் அது சட்டமே இல்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923ல் மந்திரிகள் கூடி ஓபியம் சட்டம் என்று ஒரு தீர்மானம் போட்டு, எங்கும் அறிவிக்காமல் வைத்துவிட்டார்கள். பிற்பாடு ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் 50 ரூபாய் அபராதம். 50 ரூபாய்க்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊருக்குத் தெரிவிக்காத சட்டத்தால் யாரையும் தண்டிக்க முடியாது என்று 1951ல் அடித்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படுவது அட்டாரி வழக்கு. புல்வாமா தாக்குதல் நடந்தது 2019 பிப்ரவரி 14. பாகிஸ்தானிலிருந்து வரும் சரக்குக்கு 200 சதவீத வரி என்று 16ஆம் தேதி அறிவிக்கை வந்தது. அது இணைய கெஜட்டில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 வினாடி. அதே நாளில் அதற்கு முன்பே பஞ்சாபில் உள்ள அட்டாரி எல்லையில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தரும் விவரப் படிவம்) போட்டிருந்தவர்களிடமும் சுங்கத்துறை 200 சதவீதம் கேட்டது. தேதி ஒன்றுதானே என்பது அரசின் வாதம். அச்சில் வந்த காலத்தில் தேதி போதும், இப்போது வினாடிவரை பதிவாகிறது, அந்த நேரத்துக்கு முந்தியவர்களுக்குப் பழைய வரிதான் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலிருந்து தேதியோடு நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது எங்களுக்குப் பழக்கம்.

மத்திய அரசிதழ் 2015 அக்டோபர் 1 முதல் காகிதத்தில் அச்சாவதில்லை, இணையத்தில் மட்டும்தான். இந்தியும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், இந்தி முதலில் வரும். பாதிப் பேர் முதல் பக்கத்தைப் பார்த்து மிரண்டு மூடிவிடுகிறார்கள். கீழே போனால் ஆங்கிலம் இருக்கும். ஜி.எஸ்.ஆர். என்று எண் இருந்தால் பொதுவான விதி, எஸ்.ஓ. என்றால் சட்டப்படியான ஆணை, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'இ' இருந்தால் சிறப்பு வெளியீடு. மேலே சிஜி-டிஎல்-இ என்று ஆரம்பிக்கும் அடையாள எண்ணில் எட்டு இலக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அதுதான் வெளியான தேதி. உள்ளே அறிவிக்கையில் போட்டிருக்கும் தேதி முந்தியதாக இருக்கலாம், ஜார்ஜ் விஷயத்தில் 8ஆம் தேதியும் 24ஆம் தேதியும் இருந்ததைப் போல.

ஆனால் இதெல்லாம் விதி முடிவான பிறகு பார்ப்பது. எனக்குக் கேட்டால், பார்க்க வேண்டியது வரைவைத்தான். மூலச் சட்டத்தில் 'முன்வெளியீடு' வேண்டும் என்று இருந்தால், 1897ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் (ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட்) 23வது பிரிவுப்படி வரைவை முதலில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, அதைப் பரிசீலித்த பிறகுதான் விதி போட முடியும். மோட்டார் வாகன விதிகள் எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. வாட்ஸ்அப்பில் "புதிய சட்டம் வந்துவிட்டது" என்று சுற்றுவதில் பாதி, ஆட்சேபம் சொல்ல இன்னும் நாள் இருக்கும் வரைவுதான்! யாரும் எழுதிப் போடுவதில்லை, திட்டிவிட்டு அடுத்த பார்வர்டுக்குப் போய்விடுகிறோம். (சுங்க வரி மாற்றத்துக்கு மட்டும் வரைவை எதிர்பார்க்காதீர்கள். முன்கூட்டிச் சொன்னால் நாங்களே சரக்கை அவசரமாக இறக்கிவிடுவோம்.)

மக்கள் எழுதிப் போட்டதும் உண்டு என்பதற்கு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு உதாரணம். 2020 ஏப்ரல் 11ஆம் தேதி, ஊரடங்குக்கு நடுவில், கெஜட்டில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். யாரால் வெளியே போய்க் கூடிப் பேச முடியும்? டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கவும் சொன்னது. கருத்துகள் லட்சக்கணக்கில் குவிந்தன. திட்டம் வரப்போகும் ஊரின் மொழியில் இல்லாமல் அந்த ஊர்க்காரரிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு என்பது என் கருத்து.

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமை தோறும் வரும். அவசரம் என்றால் சிறப்பு வெளியீடு. பெயர் மாற்றத்துக்கு அலைந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பலரும் குழப்பிக்கொள்வது அரசாணையும் அரசிதழும் ஒன்று என்று. அரசாணை (ஜி.ஓ.) என்பது அரசு தன் அதிகாரிகளுக்குப் போடும் ஆணை. அது ஒரு சட்ட விதியைத் திருத்துகிறது என்றால் பின்னால் இணைப்பாக ஓர் அறிவிக்கை இருக்கும், பெறுநர் பட்டியலில் அரசு மைய அச்சகத்தின் பணி மேலாளரும் இருப்பார். அந்த இணைப்பு அரசிதழில் வந்ததா என்று தேடுங்கள்.

ஊர் அளவில் முன்பு தண்டோரா இருந்தது. பறையடித்துச் சொல்வதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி வைக்கும்படி 2022ல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சாதி வேலையாக ஒருவர் தலையில் கட்டியிருந்ததை விட்டது நல்லதுதான்.

கடைசியாக, நிலம் வைத்திருப்பவர்களுக்கு. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதென்றால், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவுப்படி ஓர் அறிவிக்கை கெஜட்டில் வரும். சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று வட்டார மொழியில். ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். சட்டத்தில் எழுதியிருப்பது அறிவிக்கை வெளியான நாளிலிருந்து. நாளிதழில் பிறகுதான் வரும் என்பதால் அதற்குள் சில நாள் கரைந்திருக்கலாம். அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தில் உங்கள் கிராமமும் சர்வே எண்ணும் இருந்தால், யாரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அறிவிக்கையில் குறிப்பிட்டிருக்கும் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் விசாரணை வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.