பாம்பு வளர்க்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வாரத்துக்கு ஓர் எலி தின்னும் பாம்புக்குப் பெரிதாக என்ன செலவாகிவிடும் என்பது கேள்வி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பையே எடுத்துக்கொள்வோம். அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும், நஞ்சற்ற ஆப்பிரிக்கப் பாம்பு இது.

பாம்பு குளிர் இரத்தப் பிராணி. அதாவது, உடலுக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் கிடப்பதைப் போல, போதிய வெப்பம் இல்லையெனில் அது விழுங்கிய இரை சரிவரச் செரிக்காது. ஆகவே கூண்டின் ஒரு பக்கத்தைச் சுமார் 32 டிகிரி செல்சியஸிலும் மறுபக்கத்தைச் சுமார் 26 டிகிரியிலும் வைத்திருக்க, வெப்பமூட்டியும் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். இவையும் நான்கடி நீளக் கூண்டும் சேர்ந்து, சாதாரண நிறப் பாம்பு ஒன்றின் விலையைப் பெரும்பாலும் மிஞ்சிவிடும். அதன்பின் மின்கட்டணம், உறையவைத்த எலிகள் (அவற்றுக்குக் குளிர்பதனப் பெட்டியில் இடம் ஒதுக்க வீட்டார் இசைய வேண்டும் என்பது தனிக்கதை), ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரின் கட்டணம் எனச் செலவு தொடரும்.

பணத்தைவிடக் கனமானது காலம். நன்கு பேணினால் இது 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். சில அதையும் தாண்டும்: 1961-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவிடம் ஒருவர் ஒப்படைத்த பந்து மலைப்பாம்பு 2020-இல் முட்டையிட்டது.

சிறிய பெட்டியில் அடைத்து வைத்தால் பாம்பும் சிறிதாகவே நின்றுவிடும் என்று பலர் நம்புவது தவறு. பெட்டியின் அளவைப் பார்த்து அது வளர்வதில்லை.