டோனி ஆடம்ஸ்: ஒரே அணி, பத்தொன்பது பருவங்கள், சில கேள்விகள்

இங்கிலாந்தின் அர்செனல் கால்பந்து அணிக்கு 1983 முதல் 2002 வரை ஆடிய நடுத்தடுப்பாட்டக்காரர் டோனி ஆடம்ஸைப் பற்றி நண்பர்கள் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட சில கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, நான் கால்பந்து பார்க்கத் தொடங்கியதே அண்மையில்தான். ஆடம்ஸ் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1966 அக்டோபரில் லண்டனின் கிழக்கு விளிம்பிலுள்ள ரோம்ஃபோர்டில் பிறந்தவர். 1983 நவம்பரில், பதினேழு வயதில், சண்டர்லேண்டுக்கு எதிராக அர்செனலுக்கு முதன்முதலாக ஆடினார். 1988-இன் தொடக்கத்தில், இருபத்தொரு வயதில், கென்னி சான்சமுக்குப் பதிலாக அணித்தலைவரானார். அந்தப் பொறுப்பை ஓய்வு பெறும் வரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் 669 ஆட்டங்கள், 48 கோல்கள். 1989, 1991, 1998, 2002 ஆகிய நான்கு ஆண்டுகளில் லீக் பட்டம் வென்ற அணிக்கு அவரே தலைவர். எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என மூன்று பத்தாண்டுகளிலும் தலைவராக நின்று இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கை வென்றவர் என்பதே அவரைப் பற்றி முதலில் சொல்லப்படும் செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறொன்று: அந்த நான்கு பட்டங்களில் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் வென்றவர்கள் ஏறத்தாழ இரு வேறு மனிதர்கள். கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே அமைந்திருக்கும்.

பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அர்செனலின் ஆஃப்சைடு பொறி என்று அடிக்கடி படிக்கிறேன். அது உண்மையில் எப்படி வேலை செய்தது? அதில் ஆடம்ஸின் பங்கு என்ன?

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்லத் தகுந்தது. 1986-இல் ஜார்ஜ் கிரஹாம் மேலாளராக வந்ததும் தற்காப்பைத்தான் முதலில் கட்டினார். விம்பிள்டனிலிருந்து இடப்பக்கத்துக்கு நைஜல் விண்டர்பர்ன், ஸ்டோக் சிட்டியிலிருந்து வலப்பக்கத்துக்கு லீ டிக்சன், அதே ஸ்டோக்கிலிருந்து நடுவில் ஸ்டீவ் போல்ட் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆடம்ஸ் மட்டும் அர்செனலிலேயே வளர்ந்தவர். 1990-இல் கோல்கீப்பராக டேவிட் சீமன் வந்தார். 1993-இல் மார்ட்டின் கியோன் எவர்ட்டனிலிருந்து திரும்பினார். இவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்தே ஆடினார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தப் பொறியைப் புரிந்துகொள்ள முடியாது.

எதிரணி பந்தைப் பின்னோக்கித் தட்டும்போதோ, பந்தை வைத்திருப்பவர் தலை குனிந்து இன்னும் நிமிராமல் இருக்கும்போதோ, தற்காப்பின் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னே ஏற வேண்டும். பந்து முன்னோக்கி உதைக்கப்படும் கணத்தில் எதிரணியின் முன்கள வீரர் அவர்களுக்குப் பின்னால் தனித்து நிற்பார்; விதிப்படி அது ஆஃப்சைடு, கோட்டுநடுவரின் கொடி உயரும். நால்வரில் ஒருவர் அரைநொடி தாமதித்தாலும் முன்கள வீரர் கோல்கீப்பரை நோக்கித் தனியாக ஓடிவிடுவார். ஆகவே எப்போது ஏறுவது என்பதை நான்கு பேர் முடிவு செய்யக்கூடாது, ஒரே குரல் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குரல்தான் ஆடம்ஸ். வலக்கையை உயர்த்திக்கொண்டு கோட்டுநடுவரைப் பார்த்தபடி அவர் முன்னே ஓடி வரும் காட்சி அந்தக் காலத்துப் படப்பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் கை உயர்வதற்கு முந்தைய இரண்டு நொடிகளைப் பாருங்கள். பந்தைப் பார்ப்பார், இருபுறமும் திரும்பித் தன் தோழர்களைப் பார்ப்பார், கத்துவார், பிறகுதான் ஏறுவார். உங்கள் மாணவர்களுக்குக் கையை உயர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம். திரும்பிப் பார்ப்பதைக் கற்றுக்கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அன்றைய விதி வேறு. 1990 வரை, கடைசியிலிருந்து இரண்டாவது நிற்கும் தற்காப்பு வீரருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அதன் பிறகு சமமாக நிற்பது குற்றமில்லை என்றானது. பின்னாளில், ஆட்டத்தில் தலையிடாமல் நிற்பவரைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்ற விளக்கமும் வலுப்பெற்றது. அந்தப் பொறியை இன்று அப்படியே வைத்தால் நீங்களே அதில் மாட்டிக்கொள்வீர்கள்.

அண்ணா, எதிரணி ரசிகர்கள் அவரைக் கழுதை என்று கேலி செய்தார்களாமே, ஏன்?

1989 ஏப்ரலில் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெடுடன் நடந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. இரண்டு கோல்களையும் அடித்தவர் ஆடம்ஸ்தான். ஒன்று யுனைடெடுக்கு எதிராக, மற்றது தன் சொந்த வலைக்குள். மறுநாள் ஒரு நாளிதழ் அவர் தலையில் கழுதைக் காதுகளை வரைந்து படம் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, நாடுகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில், இருபத்தொரு வயது ஆடம்ஸ் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டனைத் தடுக்க முடியாமல் மூன்று கோல்கள் விட்ட நினைவும் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் அரங்குக்கு அரங்கு கழுதைக் குரல் எழுப்பினார்கள். இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். வான் பாஸ்டன் அந்தக் கோடையில் எவரையும்தான் விட்டுவைக்கவில்லை.

கேலி தொடங்கி எட்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1989 மே 26 அன்று, ஆன்ஃபீல்டில் லிவர்பூலை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலை வந்தது. கிரஹாம் அன்று ஆடம்ஸ், போல்ட், டேவிட் ஓ'லியரி என மூவரை நடுத்தற்காப்பில் நிறுத்தினார். அவசியம் இரண்டு கோல் அடித்தாக வேண்டிய அணி தற்காப்பில் ஓர் ஆளைக் கூட்டியது பலருக்கு விளங்கவில்லை. ஆனால் பக்கவாட்டு வீரர்கள் மேலேறிப் போக அதுவே வழிவிட்டது. கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலால் 2-0. அந்தக் கேலிக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

சிறைக்குப் போனது உண்மையா?

உண்மை. 1990 மே மாதம் எஸ்ஸெக்ஸில் குடித்துவிட்டு வேகமாகக் காரோட்டி ஒரு வீட்டுச் சுவரில் மோதினார். அவர் இரத்தத்திலிருந்த மதுவின் அளவு சட்டம் அனுமதித்ததைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். யாருக்கும் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை என்பது வெறும் நல்வாய்ப்பு. அந்த டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது; அதில் ஏறத்தாழ பாதியை செம்ஸ்ஃபோர்டு சிறையில் கழித்துவிட்டு 1991 பிப்ரவரியில் வெளிவந்தார்.

அந்தப் பருவத்தில் அர்செனல் 38 லீக் ஆட்டங்களில் 18 கோல்கள் மட்டுமே விட்டுப் பட்டம் வென்றது. தோற்றது ஒரே ஓர் ஆட்டம், செல்சியிடம். அதுவும் ஆடம்ஸ் சிறையில் இருந்த நாட்களில். இதை அவருடைய பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு தோல்வியை வைத்து அவ்வளவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிறைவாசம் அவரைத் திருத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெளியே வந்ததும் ரசிகர்கள் நாயகனைப் போல் வரவேற்றார்கள், பதக்கம் கழுத்தில் ஏறியது, குடி தொடர்ந்தது. சூழ இருந்தவர்களின் அன்பே அவருக்குக் கேடாக முடிந்த காலம் அது.

குடித்துக்கொண்டே இத்தனை ஆண்டுகள் உயர்நிலையில் ஆட முடிந்தது எப்படி? ஆர்சென் வெங்கர் வந்துதானே அவரை மாற்றினார்?

அன்றைய ஆங்கிலக் கால்பந்தில் ஆட்டம் முடிந்ததும் அணியாகச் சேர்ந்து குடிப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. வேறுபட்டது ஆடம்ஸ் நிறுத்த முடியாமல் குடித்தார் என்பதுதான். போதை முழுதாகத் தெளியாத நிலையில் ஆடியதும் உண்டு என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இளம் உடல் தாங்கிக்கொண்டது. அவருடைய ஆட்டம் வேகத்தைவிட இடமறிதலையும் குரலையும் நம்பியிருந்ததும் காப்பாற்றியது.

இரண்டாவது கேள்வியில் வரிசை மாறியிருக்கிறது. 1996 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து தோற்றபின் பல வாரங்கள் குடியில் மூழ்கிக் கிடந்தார். ஆகஸ்ட் மாதம் கடைசியாகக் குடித்தார். செப்டம்பர் நடுவில் அணித்தோழர்களைக் கூட்டி, தான் குடிநோயாளி என்று அவர்களிடம் சொன்னார். வெங்கர் அர்செனலின் மேலாளராகப் பொறுப்பேற்றது அக்டோபர் முதல் நாள்தான். ஆக, வெங்கர் வந்து குடியை நிறுத்தவில்லை. குடியை நிறுத்தியிருந்த ஒரு தலைவர் வெங்கருக்குக் கிடைத்தார்.

இதைச் சொல்வதால் வெங்கரின் பங்கு குறைந்துவிடாது. முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தத் தற்காப்பு வரிசையைக் கலைத்துவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவருவார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் அவர்களை வைத்துக்கொண்டு உணவை மாற்றினார், தசைகளை நீட்டித் தளர்த்தும் பயிற்சிகளைப் புகுத்தினார், பந்தைக் காலில் வைத்து ஆடும் துணிவைக் கொடுத்தார். 1997-98 குளிர்காலத்தில் கணுக்கால் வலியோடு ஆடம்ஸ் தடுமாறியபோது, ஊசி போட்டு ஆடவைக்காமல் பிரான்சின் தென்கரைக்கு அனுப்பி உடலைத் தேற்றிக்கொள்ள வைத்தார். ஒரு மேலாளர் தன் அணித்தலைவரை நடுப்பருவத்தில் இழக்கத் துணிவது எளிதல்ல. தெளிந்த மனம் ஆடம்ஸ் தானே தேடிக்கொண்டது. உடம்புக்கான மறுவாழ்வுதான் வெங்கர் கொடுத்தது.

எவர்ட்டனுக்கு எதிரான அந்தக் கோலைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்.

1998 மே 3, அர்செனலின் அன்றைய அரங்கான ஹைபரி. அர்செனல் 3-0 என்று முன்னிலையில் இருக்கிறது, பட்டம் உறுதி. ஆட்டம் முடியப்போகும் நேரம். மாற்று வீரராக இறங்கிய போல்ட் நடுக்களத்திலிருந்து பந்தைத் தற்காப்பின் தலைக்குமேல் மெல்லத் தூக்கிவிடுகிறார். அதன் மீது ஓடிவருபவர் முன்கள வீரர் அல்ல, ஆடம்ஸ். மார்பில் வாங்கி, ஒருமுறை தரையில் எழவிட்டு, இடக்காலால் அடிக்கிறார். பிறகு ஓடவில்லை, குதிக்கவில்லை. கைகளை விரித்து நின்றுவிடுகிறார். பத்தாண்டுகளுக்கு முன் நடுக்கோட்டைத் தாண்டவே தயங்கிய இணையில் ஒருவர் கொடுத்து மற்றவர் அடித்த கோல் அது. 2011 டிசம்பரில் அர்செனலின் புதிய எமிரேட்ஸ் அரங்கின் வெளியே நிறுவிய சிலையும் விரித்த கைகளோடுதான் நிற்கிறது.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இங்கிலாந்துக்கு 66 ஆட்டங்கள்தான் ஆடினார் என்பது குறைவில்லையா?

குறைவுதான். 1987-இல் மாட்ரிட்டில் ஸ்பெயினுக்கு எதிராக முதன்முதலில் ஆடியபோது, 1966 உலகக்கோப்பை வெற்றிக்குப் பின் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய முதல் வீரர் அவரே. ஆனால் 1990 உலகக்கோப்பை அணியில் இங்கிலாந்தின் மேலாளர் பாபி ராப்சன் அவரைச் சேர்க்கவில்லை. 1994-க்கு இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. ஆடிய ஒரே உலகக்கோப்பை 1998.

அவருடைய சிறந்த கோடை 1996. முழங்கால் சிக்கலிலிருந்து மீண்டு வந்து அணியை வழிநடத்தினார். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் ஆலன் ஷியரர் அடித்த கோலைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். காஸ்கோய்னின் கார்னர் பந்தை அருகிலிருந்த கம்பத்தின் பக்கம் தலையால் தட்டித் திருப்பிவிட்டவர் ஆடம்ஸ். பழைய வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்காகக் கடைசிக் கோல் அடித்தவரும் அவர்தான், 2000 மே மாதம் உக்ரைனுக்கு எதிராக.

வெற்றிக் கொண்டாட்டத்தில் தன் தோழரின் கையை உடைத்தாராமே?

1993 லீக் கோப்பை இறுதி. வெற்றிக் கோல் அடித்த ஸ்டீவ் மாரோவைத் தோளில் தூக்க முயன்றபோது அவர் சரிந்து விழுந்து கை முறிந்தது. விபத்துதான். அதே பருவத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் டாட்டனத்தை வீழ்த்திய ஒரே கோலையும் ஆடம்ஸ் அடித்தார். இரு கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஆங்கில அணியாக அர்செனல் ஆனது.

மேலாளராக ஏன் வெற்றி பெறவில்லை?

விக்கம் வாண்டரர்ஸ், போர்ட்ஸ்மத், அசர்பைஜானின் கபாலா, கடைசியாக ஸ்பெயினின் கிரனாடா. கிரனாடாவில் 2017-இல் பொறுப்பேற்ற ஏழு ஆட்டங்களும் தோல்வி. தவறான நேரத்தில், தள்ளாடும் அணிகளை ஏற்றார் என்பது ஒரு காரணம். களத்துக்குள் நின்று நொடிக்கு நொடி திருத்தும் குரலாக இருந்தவருக்கு, கோட்டுக்கு வெளியே நின்று அதைச் செய்ய இயலவில்லை என்பது என் கணிப்பு.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்தவற்றில் முக்கியமானது எது?

2000-இல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பை நிறுவினார். குடி, போதைமருந்து, சூதாட்டம் ஆகியவற்றில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்காக அது தொடங்கப்பட்டது. தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் சங்கம் அதற்குத் துணை நிற்கிறது. கேட்டவர் தன் குடும்பத்திலும் ஒரு குடிநோயாளி இருப்பதாக எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: ஆடம்ஸைச் சிறையோ, கேலியோ, அணித்தலைவர் பதவியோ நிறுத்தவைக்கவில்லை. தன்னைப் போன்ற மற்றக் குடிநோயாளிகள் கூடும் அறையில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர் குடிக்காமல் இருக்கத் தொடங்கினார். அத்தகைய கூட்டங்கள் பல ஊர்களில் கட்டணமின்றி நடக்கின்றன. முதல் நாள் உங்கள் வீட்டுக் குடிநோயாளி வர மறுத்தால், குடும்பத்தினருக்கென்று தனியாக நடக்கும் கூட்டத்துக்கு நீங்கள் முதலில் போய் வாருங்கள்.