வறுமையிலும் கடனிலும் தவிக்கும் குடும்பத்துக்குச் சமூகப் பணியாளர் உண்மையில் என்ன செய்ய முடியும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இப்போதுதான் களத்துக்கு வந்திருக்கிறீர்கள். "என்னிடமும் பணம் இல்லை, அவர்களிடமும் இல்லை, போய் என்னதான் பேசுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் குடும்பங்களோடு வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடனைப் பேசுங்கள், சேமிப்பைப் பேசாதீர்கள்.

பெண்கள் சேர்ந்து வாங்கும் மூன்று குழுக் கடனுக்கும், அன்றாடம் வசூலிக்கும் ஒரு தண்டலுக்கும் புரட்டிக் கட்டுகிற அக்காவுக்கு, நாம் போய் வரவு செலவு நோட்டு எழுதச் சொல்லிக்கொடுப்பது கூச்சமான காரியம். அவருக்குத் தெரிந்த கணக்கில் பாதிகூட நமக்குத் தெரியாது.

முதல் நாளே கடனைச் சொல்லிவிட மாட்டார்கள். பையும் நோட்டுமாக நீங்கள் தெருவில் நுழைந்தாலே "டியூ வாங்க ஆள் வந்தாச்சு" என்றுதான் நினைப்பார்கள். (எனக்காகப் பின்வாசல் வழியாகப் போனவர்கள் உண்டு.) நாலைந்து முறை சும்மா போய் வாருங்கள். பேச்சு வந்தபின் ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, என்றைக்கு எவ்வளவு கட்ட வேண்டும், இன்னும் எத்தனை தவணை பாக்கி. "கையில் வந்தது" என்பதை விட்டுவிடாதீர்கள். தண்டலில் 10,000 என்று பேசி 8,500 தருவார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க 1,500 ரூபாய்தான். அசல் அன்றாடம் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன.

அப்படியானால் முதலில் தண்டலை அடைக்கச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் அவர்கள் குழுக் கடனைத்தான் முந்திக் கட்டுவார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். வாசலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டு மதினியாக இருக்கும். அந்த மானக்கேட்டுக்கு வட்டிக் கணக்கில் இடமில்லை. அதை அறியாமை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

குழுக் கடனில் நம்மால் ஆகக்கூடியது விதியைக் காட்டிப் பேசுவது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் நுண்கடன். அப்படிக் கடன் தரும்போது அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காக ஓயாமல் போன் அடிக்கக் கூடாது; காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அடிக்கவே கூடாது. உறவினரைத் தொந்தரவு செய்வதும் தப்பு. இதைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லி, தவணையைக் குறைத்து நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

புருஷன் இறந்த வீடு என்றால் முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்த பதிவு இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்க வாய்ப்பு அதிகம். நடப்பில் இருந்தால் நாமினிக்கு 2 லட்சம். 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. குழுக் கடனோடும் பெரும்பாலும் கணவனையும் சேர்த்து ஒரு காப்பீடு போட்டிருப்பார்கள். ஆனால் கேட்காதவரை யாரும் வாயைத் திறப்பதில்லை, தவணையை மட்டும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

விதவை உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, தொழிலாளர் நலவாரியப் பதிவு: இவையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். சிக்கல் திட்டத்தில் இல்லை, தாளில் இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், வங்கிக் கணக்கில் பழைய போன் நம்பர். இதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் அலைந்தால் அவருக்கு அன்றைய கூலி போகும். கூடப் போங்கள், முடிந்தால் பஸ் செலவை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். "வாடிக்கையாளர் தன் காலில் நிற்க வேண்டும்" என்று பாடத்தில் சொன்னதை அப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

"மருந்தைக் குடிச்சிட்டுப் போயிரலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று கடந்துவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், உங்கள் போனிலிருந்தே 14416க்கு (அரசின் இலவச மனநல உதவி எண்) அழைத்துப் பேசவையுங்கள். கடன் தாளை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவுக்கு நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து அவர் போனிலும் போட்டுக்கொடுங்கள். நாளைக்கு நீங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அவர் கேட்டுப் போக அது வேண்டும்.