மேடையில் யாரும் பல் துலக்குவதில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். உடல்நலக் கருவிகளின் விளம்பரங்களை நீங்கள் பிரித்து மேயும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் முதல் எலக்ட்ரிக் டூத்பிரஷ் இன்னும் சில மாதங்களில் வெளிவரப்போகிறது. அழுத்தித் தேய்த்தால் அதன் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும். எங்கே தேய்த்தோம், எங்கே விட்டோம் என்பதை ப்ளூடூத் வழியாக போனில் உள்ள ஆப்புக்குச் சொல்லும். செய்தியாளர் சந்திப்பும் செய்திக்குறிப்பும் என் பொறுப்பு என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். இதுவரை நான் பேட்டரி பகுதியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பில் மூன்று வாசகங்கள் கட்டாயம் வர வேண்டும் என்கிறார் முதலாளி. "உலகின் முதல் ஸ்மார்ட் பிரஷ்", "பல் சொத்தையைத் தடுக்கும்", "பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது". எங்கள் கையில் இருப்பது ஒரு மாதச் சோதனை மட்டும்தான். சிறிய குழு, எல்லோருக்கும் எங்கள் பிரஷ்ஷையே கொடுத்தோம். எல்லோருக்கும் பல்லில் படியும் பிளேக் குறைந்தது. இதை எப்படி எழுதினால் பத்திரிகைக்காரர்கள் கவனிப்பார்கள்? மேடையில் எதைச் செய்து காட்டலாம்? முகவரி கொடுத்தால் உங்களுக்கும் ஒரு பிரஷ் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பேட்டரி பார்த்தவரிடம் இந்த வேலை வந்தது நல்லதுதான். பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று யாராவது கேட்டால், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த வேகத்தில் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள் இல்லையா? நிபந்தனை இல்லாத எண்ணை உங்கள் வாய் தானாகச் சொல்லாது. செய்திக்குறிப்பு எழுதவும் இந்தப் பழக்கம்தான் வேண்டும். மற்றதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் மேடை. போனை மேடையில் காட்டலாம், கேமராவைக் காட்டலாம். டூத்பிரஷ்ஷை வாயில் வைத்துக் காட்ட முடியாது. நுரை வழியும் வாயோடு எந்த முதலாளியும் மேடையில் நிற்க மாட்டார். அப்படியே நின்றாலும் அவர் பல் சுத்தமானதா என்று மூன்றாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் எல்லோரும் ராட்சதப் பல் மாடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நான் நிருபராக இருந்த காலத்தில் அப்படி ஒரு சந்திப்புக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தலையணை அளவுக்கு ஒரு பல், அதன்மேல் சிவப்புச் சாயம். புது பிரஷ் ஓடியது, சாயம் போனது, கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த மூத்த நிருபர் ஒருவர் எழுந்து, "சாதாரண பிரஷ் ஒன்று கிடைக்குமா?" என்றார். பல் துலக்கும் கருவியை அறிமுகப்படுத்தும் அந்த ஹாலில் ஒரு சாதாரண பிரஷ் இல்லை. கடைசியில் யாரோ பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர் தேய்த்தார். அதே வேகத்தில் சாயம் போனது. மறுநாள் பெரும்பாலான பத்திரிகைகளில் அந்த பிரஷ் நான்கு வரியில் வந்தது. அவருடைய பத்திரிகையில் மட்டும் அரைப்பக்கம்.

உங்களிடம் அந்த ஹாலிலேயே நேர்மையாகக் காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது. சிவப்பு விளக்கு. சுத்தம் செய்வதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, அழுத்தத்தைப் பார்க்கலாம். ஒரு மேசையில் கிராம் காட்டும் சின்னத் தராசு நான்கைந்து வையுங்கள். பக்கத்தில் சாதாரண பிரஷ்களையும் வையுங்கள். வீட்டில் பல் துலக்குவதுபோலத் தராசின் மேல் தேய்க்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். எத்தனை கிராமில் உங்கள் விளக்கு எரிகிறது என்பதை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். பல வருடம் அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல்லின் வேர்ப்பக்கம் தேயும் என்று சொல்ல ஒரு பல் மருத்துவர் பக்கத்தில் நின்றால் போதும். அவரை உங்கள் பிரஷ்ஷைப் புகழவிடாதீர்கள். தன் கைக்கு எத்தனை கிராம் வந்தது என்பதை எந்த நிருபரும் எழுதாமல் விட மாட்டார்.

பிரஷ்ஷை மட்டும் சந்திப்பு நாளில் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள், இன்ன தேதி வரை எழுத வேண்டாம் என்ற எம்பார்கோவோடு. அதற்கு ஒப்புக்கொண்ட பிறகு அனுப்புவதுதான் முறை. பெட்டியில் திணித்து அனுப்பிவிட்டு எம்பார்கோ என்று சொல்லிக்கொண்டால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. டூத்பிரஷ்ஷை நியாயமாகச் சோதிக்கும் இடம் அந்த நிருபரின் குளியலறைதான். முதல் மூன்று நாள் மூளை வரை அதிரும், எச்சில் சட்டையில் வழியும், இது நமக்குச் சரிப்படாது என்று தோன்றும். அந்த மூன்று நாளைத் தாண்டியவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். லித்தியம் பேட்டரி உள்ளதை விமானத்தில் அனுப்பத் தனி விதிகள் இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கூரியர் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாளியின் மூன்று வாசகங்கள்.

"உலகின் முதல்" என்பதை இன்றே அடித்துவிடுங்கள். எலக்ட்ரிக் பிரஷ் சுவிட்சர்லாந்தில் பிலிப் கி வூக் 1954-இல் உருவாக்கிய பிராக்ஸோடென்ட்டிலிருந்து வருகிறது. கையைச் சரியாக அசைக்க முடியாதவர்களையும் பல்லில் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்து உருவான பொருள் அது. அதன் ஒயர் சுவரிலிருந்த பிளக்கில் செருகியிருக்கும். 1961-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஒயர் இல்லாத பிரஷ்ஷைக் கொண்டுவந்தது. போனோடு பேசும் பிரஷ்ஷை 2014-லேயே லாஸ் வேகஸ் சிஇஎஸ் கண்காட்சியில் கொலிப்ரீ என்ற பிரெஞ்சு நிறுவனம் வைத்துவிட்டது. தேடினால் இரண்டு நிமிடத்தில் அகப்படும் விஷயம் இது. "முதல்" என்ற ஒரு சொல் பொய்யானால், குறிப்பில் மீதியுள்ள உண்மைகளையும் நிருபர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

"சொத்தையைத் தடுக்கும்" இன்னும் ஆபத்து. உங்கள் சோதனை ஒரு மாதம். சொத்தை ஒரு மாதத்தில் வருவதுமில்லை, அதைத் தடுத்ததை ஒரு மாதத்தில் நிரூபிக்கவும் முடியாது. அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர வேண்டும். ஈறு அப்படியில்லை, சீக்கிரம் பதில் சொல்லும். ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட சோதனையில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீக்கம் வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. ஆகவே ஒரு மாதச் சோதனையை வைத்துக்கொண்டு பிளேக்கைப் பற்றியும் ஈற்றைப் பற்றியும் பேசலாம். சொத்தையைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

பிளேக்கைப் பற்றிப் பேசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருக்கும் உங்கள் பிரஷ்ஷையே கொடுத்தோம் என்கிறீர்கள். புதிதாக ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, தினமும் இரண்டு முறை இரண்டிரண்டு நிமிடம் தேய்க்கச் சொல்லி, மாதக் கடைசியில் வாயைத் திறந்து பார்ப்போம் என்றும் சொன்னால், யாருக்கு பிளேக் குறையாது? பழைய பிரஷ்ஷைக் கொடுத்துக் கண்காணித்திருந்தாலும் குறைந்திருக்கும். எவ்வளவு உங்கள் மோட்டாரால், எவ்வளவு அந்தக் கண்காணிப்பால் என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டுக் குழு வேண்டும். நேரமிருந்தால் சந்திப்பைத் தள்ளிவைத்து அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் அந்தச் சோதனை பொருளை மெருகேற்ற உதவியது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு சதவீதத்தை விட்டுவிடுங்கள்.

பொதுவாக எலக்ட்ரிக் பிரஷ்களைப் பற்றி நல்ல ஆதாரம் இல்லாமலில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வு 56 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிடும்போது ஒன்று முதல் மூன்று மாதத்தில் பிளேக் 11 சதவீதமும், மூன்று மாதத்துக்குமேல் 21 சதவீதமும் அதிகமாகக் குறைந்தது. ஈறு வீக்கத்தில் அதே வரிசையில் 6, 11. இந்த வித்தியாசம் நடைமுறையில் பல்லுக்கு எவ்வளவு நன்மை என்பது தெளிவில்லை என்று ஆய்வாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த எண்களை முதலாளியிடம் காட்டினால் முகம் சுருங்கும், தெரியும். பத்து மடங்கு என்று போட்டிருக்கும் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 21 சதவீதம் கசக்கத்தான் செய்யும். அந்தப் பத்து மடங்கின் அடியில் பொடி எழுத்தில் "எட்டாத இடங்களில்" என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

"பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்பதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்ற விளம்பரத்தை பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2007-இல் நிறுத்தச் சொன்னது. கருத்துக்கணிப்பில் ஒரு மருத்துவர் எத்தனை பிராண்டை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வைத்திருந்தார்கள். மீதி 20 சதவீதம் பேர்தான் மற்ற பிராண்டுகளைச் சொன்னார்கள் என்பதுபோல விளம்பரம் ஒலித்தது. இத்தனைக்கும் அங்கே ஒரு கணிப்பாவது நடந்திருந்தது. உங்களிடம் அதுவும் இல்லை.

இதில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு பிரஷ்ஷைப் பற்றி எழுதும்போது செய்திக்குறிப்பில் இருந்தபடியே "அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது" என்று போட்டுவிட்டேன். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு அது. பல் மருத்துவரான ஒரு வாசகர் எழுதினார். அமெரிக்காவில் எலக்ட்ரிக் டூத்பிரஷ் 'முதல் வகுப்பு', அதாவது ஆபத்து மிகக் குறைந்த வகைக் கருவி, விற்பனைக்கு முன்பு எஃப்டிஏ அதைச் சோதித்து அனுமதி தருவதில்லை, நிறுவனம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது, அவ்வளவுதான் என்று. குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அதன் இரண்டாம் பக்கத்தில் "பதிவு", முதல் பக்கத் தலைப்பில் "அங்கீகாரம்". திருத்தம் வெளியிட்டோம். அதன்பிறகு அந்த நிறுவனத்திலிருந்து வந்த எந்தக் காகிதத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை.

ஆப் பகுதிக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் ஒரு சுவிஸ் நாளிதழில் வந்த செய்தி நினைவிருக்கும். 30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்களை ஹேக்கர்கள் கைப்பற்றி ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை முடக்கினார்கள் என்று. சில நாட்களில் உலகமெல்லாம் சுற்றியது. பாதுகாப்புத் துறைக்காரர்கள் உடனே சந்தேகப்பட்டார்கள். இந்த பிரஷ்கள் பெரும்பாலும் ப்ளூடூத்தில் போனோடு மட்டும்தான் பேசும், நேராக இணையத்தில் இருக்காது. கடைசியில் செய்திக்கு மூலமான ஃபோர்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், ஒரு வகைத் தாக்குதலை விளக்கச் சொன்ன உதாரணம்தான் அது, நடந்ததல்ல என்றது. நாளிதழோ, நடந்ததாகத்தான் எங்களிடம் சொன்னார்கள் என்றது. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். "உதாரணமாக" என்ற ஒரே ஒரு சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. உங்கள் குறிப்பிலிருந்தும் ஏதாவது உதிரும். நிபந்தனையைத் தனி வாக்கியமாக எழுதினால், தலைப்பு போடுபவர் முதலில் வெட்டுவது அதைத்தான். எண்ணும் நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில், ஒன்றை எடுத்தால் மற்றது பொருள்படாத மாதிரி பின்னிக் கிடக்க வேண்டும். குறிப்பை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முன்பின் எதுவும் இல்லாமல் தலைப்பாக வந்தாலும் உண்மையாக இருக்கிறதா? இல்லாததைத் திருத்துங்கள்.

அப்படியே, ஆப் எந்தத் தகவலை எடுக்கிறது, அது எங்கே போகிறது, ஆப் இல்லாமல் பிரஷ் ஓடுமா என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பார்கள். பிரஷ் ஹெட் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்றும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், எண்ணுக்கு எண். நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் அசைவு என்று போடப்போகிறீர்கள் என்றால் எப்படி எண்ணினீர்கள் என்பதையும் போடுங்கள். பிரஷ் நொடிக்கு 260 முறை போய்வருகிறது என்றால் நிமிடத்துக்கு 15,600. போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணினால் அதே மோட்டார் 31,200 ஆகிவிடும். பேட்டரி ஒரு சொட்டும் கூடச் செலவாகாது. தண்ணீர் விஷயத்திலும் ஐபிஎக்ஸ்7 என்ற நீர் புகாத் தரக்குறியீட்டை மட்டும் போடாமல், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் புரியும்.

முதலாளியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். வாதம் செய்ய வேண்டாம். தராசை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள். அவர் கையில் ஒரு சாதாரண பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

எனக்கு பிரஷ் அனுப்ப வேண்டாம். இவ்வளவு யோசனை சொல்லிவிட்டு அதைப் பற்றி நான் எழுதினால் சரியாக இருக்காது. என் பங்குக்கு உள்ளதை நிருபர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முடிந்தால் உங்கள் ஊர்ச் செய்தித்தாளில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு. ஒரு மாதம் தினமும் பொறுமையாகப் பயன்படுத்திப் பார்க்க அவருக்குத்தான் நேரம் இருக்கும்.

அன்புடன்.