திராட்சைக்கு நடந்தது தேயிலைக்கு நடக்குமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார், அமெரிக்கர்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள், தொழிலாளருக்குச் சம்பளம் கூடியது என்று வாசித்தேன். எங்கள் தோட்டத்து இளைஞர்களும் உண்ணாவிரதம் இருந்து, "இந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்காதீர்கள்" என்று பிரசாரம் செய்ய நினைக்கிறார்கள். சரிவருமா?

வாசகர், தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

அந்த உண்ணாவிரதம் முதலாளிகளை நோக்கியதல்ல. 1968 பெப்ரவரியில், திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வருடம் கடந்தும் முடிவு வராமல் சொந்த ஆட்களே அடிதடி பேசத் தொடங்கியபோது, அவர்களை அடக்கத்தான் சாவேஸ் பட்டினி கிடந்தார். சம்பளத்தைக் கொண்டுவந்தது புறக்கணிப்பு. அதுவும் லேசில் நடக்கவில்லை. ஜியுமாரா என்ற பெரிய திராட்சைக் கம்பனியை மட்டும் புறக்கணித்தபோது அது மற்றக் கம்பனிகளின் லேபிளில் பெட்டிகளை அனுப்பியது. பிறகுதான் கலிபோர்னியாத் திராட்சை எதையுமே வாங்காதீர்கள் என்று சங்கம் கேட்டது. கலிபோர்னியாவின் டெலானோ ஊர்த் திராட்சை முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1970 ஜூலை ஆகிவிட்டது.

தேயிலையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உங்கள் தூள் கொழும்பு ஏலத்தில் விலைபோய், பல தோட்டத்துத் தூளோடு கலந்து, யாரோ ஒருவரின் பெயரில் பாக்கெட்டாகிறது. வெளிநாட்டில் வாங்குகிறவர் எதை விலக்குவார்? இலங்கைத் தேயிலை எல்லாவற்றையும் என்றால் அடுத்த தோட்டத்து லயத்திலும் அடுப்பு எரியாது.

நம் கையில் இருப்பது கொழுந்து, அதைப் பறிக்காமல் நிறுத்தும் பலம். ஒரே செடியில் ஏழெட்டு நாளுக்கு ஒரு சுற்று பறிக்க வேண்டும். இரண்டு சுற்று தவறினால் இலை முற்றிவிடும், நல்ல தூள் வராது. ஆனால் மாதம் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில், கொழுந்து குறைவு. அப்போது வேலையை நிறுத்தினால் தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சம்பளச் செலவு மிச்சம். மழை விழுந்து ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போதுதான் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டமாகும். மெதுவாக வேலை செய்யும் போராட்டம் வேண்டாம். பறித்த கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், வெட்டு உங்கள் சம்பளத்திலேயே விழும்.

நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கேட்டு 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தையும் இப்படிப் பாருங்கள். காலை வேளை பிரார்த்தனையில் போனது, கூடவே கொழுந்தும் போனது. அதை நடத்திய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் அமைச்சராக இருந்ததும் உதவியது, மறுக்கவில்லை. நாடற்றோருக்கான குடியுரிமைச் சட்டம் அந்த வருடமே வந்தது.

ஆகவே வேலையை நிறுத்துமுன் முதலில் அரிசி சேர்க்க வேண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ என்றால், 100 குடும்பத்துக்கு 14 நாளைக்கு 2,100 கிலோ. பருப்பும் மாவும் பால்மாவும் வேறு. கையிருப்பில்லாத வேலைநிறுத்தம் சம்பள அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் உடையும். டெலானோவில் பிலிப்பினோ மண்டபத்தில் பொதுச் சமையல் நடந்தது. உண்ணாவிரதப் படத்தைப் பகிர்கிறவர்கள் அந்த அடுப்பைப் பேசுவதில்லை.

இன்னொன்று: 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவில் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பினோத் தொழிலாளர்கள். சாவேஸின் சங்கம் எட்டு நாள் கழித்தே சேர்ந்தது. உங்கள் தோட்டத்தில் எத்தனை சங்கம்? எல்லாத் தலைவர்மாரும், முக்கியமாக மாதர் தலைவிகளும், ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்காமல் தொடங்காதீர்கள்.

அந்தக் கடிதத்தில் நாட்சம்பளத்தை மட்டும் எழுதினால் போதாது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய் வந்ததும், பல தோட்டங்களில் முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். எத்தனை கிலோவுக்கு முழுப் பேர், நிறுவையில் ஈரத்துக்கும் கூடைக்கும் கழிப்பது எவ்வளவு, வேலைநிறுத்தம் முடிந்த பிறகு முற்றல் இலையை ஒடிக்கும் நாட்களுக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் எண்ணாலேயே எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்குங்கள்.