ரூபெல்லா தடுப்பூசியில் கருச்சிசுவின் திசு இருக்கிறதா?

தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் கலைக்கப்பட்ட சிசுவின் திசு இருக்கிறதாமே, குழந்தைக்குப் போடலாமா என்று பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

திசு இல்லை. 1960களில் கலைக்கப்பட்ட கருக்களின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பெருக்கிய செல்களில்தான் ரூபெல்லா வைரஸை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் புதிய கரு தேவையில்லை. மாற்று ஊசி இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று 2005இல், கருக்கலைப்பை எதிர்க்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடமான வத்திக்கானின் வாழ்வுக்கான கழகமே சொல்லிவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. அப்படிப் பெருக்கிய செல்களில் ஒன்றான டபிள்யூஐ-38 என்ற செல் வரிசைக்கு மூலமான கருவைச் சுமந்த சுவீடன் பெண்ணிடம், திசுவைப் பயன்படுத்த யாரும் சம்மதம் கேட்கவில்லை. கலைப்பதென்று அவள் தானாக முடிவெடுத்த பிறகே திசுவைப் பற்றிய பேச்சு வர வேண்டும். பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட நம் தருமபுரியில் இது ஏட்டு விவாதமல்ல. மாமியார் முடிவெடுக்க, மருமகள் கையெழுத்திடும் வீடுகள் உண்டு. அந்தக் கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்பது?

ஒன்பது மாதம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியைப் போட்டுவிடுங்கள்.